மஞ்சள் கொடுத்தோம், ரத்தத்தில் காணோம்: அறிகுறி வாரியாகப் பிழை தேடும் வழி

போன வாரம் ஈரோட்டிலிருந்து ஒரு போன். ஆராய்ச்சி மாணவி, எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண். "அண்ணா, பன்னெண்டு பேருக்கு ரெண்டு ரெண்டு கிராம் குடுத்தமுங்க. ஒருத்தர் ரத்தத்துலயும் குர்குமினே வர்லீங்க. மிஷின் போயிருச்சுங்களாண்ணா?" என்றாள். குர்குமின் என்றால் மஞ்சளுக்கு நிறம் தரும் பொருள். "மிஷின்ல கையே வெக்காத அம்மிணி, முதல்ல டியூப்பை எங்க வெச்சிருக்கேன்னு சொல்லு" என்றேன். ஜன்னலோர மேசையில், ரேக்கில், வரிசையாக. மாசி மாத வெயில்.

சாம்பிளில் கலந்திருப்பதைப் பிரித்து நிறை பார்த்து அளக்கும் எல்.சி.எம்.எஸ். கருவியோடு கோயமுத்தூரில் பல வருடம் குப்பை கொட்டியதில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பத்துப் பிழையில் ஏழெட்டு கருவிக்குள் இல்லை, ஊசி குத்திய முழங்கைக்கும் ஃப்ரீசருக்கும் நடுவில்தான் இருக்கிறது. ஆனால் எல்லாரும் முதலில் கருவியைத்தான் பிரிக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு மஞ்சளையே எடுத்துக்கொள்கிறேன், நம் ஊர்ச் சரக்கு, அதோடு அளக்கச் சிரமமான சரக்கும் அதுதான். நிலவேம்பு, சுக்கு, கீழாநெல்லி என்று எதை அளந்தாலும் தேடும் வழி ஏறக்குறைய இதேதான்.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம். கழிவு நீக்கம், டீடாக்ஸ் என்று டப்பாவில் போட்டு விற்பதை விடுங்கள். ஆய்வகத்தில் அந்தச் சொல்லுக்குக் குறிப்பிட்ட பொருள் உண்டு. உள்ளே வந்த அந்நியப் பொருளைக் கல்லீரலும் குடல் சுவரும் இரண்டு கட்டமாகக் கையாள்கின்றன. முதல் கட்டத்தில் சைட்டோக்ரோம் பி450 நொதிகள் அதை ஆக்ஸிஜனேற்றி ஒரு பிடி உண்டாக்கும், இரண்டாம் கட்டத்தில் அந்தப் பிடியில் குளுகுரோனிக் அமிலமோ சல்பேட்டோ குளூட்டாதயோனோ ஒட்டும், அது நீரில் கரைந்து சிறுநீரிலோ பித்தத்திலோ வெளியேறும். குர்குமினுக்கு ஏற்கெனவே பிடி இருப்பதால் நேராக இரண்டாம் கட்டத்துக்கே போய்விடும். ரத்தத்தில் தனியாகத் திரியும் குர்குமின் என்பது கழிவு நீக்கத்திலிருந்து தப்பித்தது. கழிவு நீக்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஒட்டியதைத்தான் அளக்க வேண்டும். இதை மறந்துவிட்டால் கீழே உள்ள பாதி அறிகுறிகள் புரியவே புரியாது.

மருந்து கொடுத்தும் பீக்கே வரவில்லை

பீக் என்றால் ஒரு பொருள் வெளிவரும்போது கருவியின் வரைபடத்தில் எழும் மேடு. அது வராதது பிழைதானா என்று முதலில் பாருங்கள். 1998இல் பெங்களூரில் நடந்த ஆய்வு ஒன்றில் 2 கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது மனிதர்களின் சீரத்தில் கண்டுபிடிக்க முடியாத அளவு, அல்லது மிகக் குறைவான அளவுதான் இருந்தது. அதோடு மிளகில் உள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோதுதான் ஏறியது, 2000% கூடியதாகக் கணக்குச் சொன்னார்கள். ஆகவே தனிக் குர்குமின் பூஜ்யமாக வருவது பல சமயம் உடம்பின் உண்மையான பதில். குர்குமினின் நிறை எண் 369ஐ மட்டும் பார்த்துவிட்டு உட்கார்ந்து அழாதீர்கள். குளுகுரோனைடு ஒட்டினால் நிறை 176 கூடும், சல்பேட் ஒட்டினால் 80 கூடும். 369 என்பது ஒரு ஹைட்ரஜன் அயனி கூடும் பாசிட்டிவ் முறையின் எண், ஒன்று குறையும் நெகட்டிவ் முறையில் குர்குமின் 367. ஆகவே நெகட்டிவ் முறையில் 543, 447 இரண்டையும் திறந்து பாருங்கள். அங்கே கூட்டம் கூடியிருந்தால் மருந்து உள்ளே போயிருக்கிறது, உடம்பும் வேலை செய்திருக்கிறது.

அங்கேயும் இல்லையா? அப்படியென்றால் கொடுத்த 2 கிராம் எது என்று கேளுங்கள். ஒரு குழு தோட்டத்து மஞ்சளை அரைத்துத் தூளாகவே கொடுத்துவிட்டு, பிரித்தெடுத்த குர்குமினுக்கு எழுதிய கட்டுரையோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. தூளில் குர்குமின் வகைகள் எடைக்கு நூற்றில் மூன்று நான்குதான் இருக்கும். 2 கிராம் தூள் என்பது 60, 80 மில்லிகிராம். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதற்காக அது எக்ஸ்ட்ராக்ட் ஆகிவிடாது.

மருந்தும் சரி என்றால், அப்புறம் சந்தேகம் டியூப் மேல். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், வீட்டில் மஞ்சளோடு புழங்கும் எந்த அம்மாவும் சொல்லிவிடுவார். வேட்டியில் பட்ட மஞ்சள் கறையைத் துவைத்து வெயிலில் போட்டால் காணாமல் போகும், அதாவது வெளிச்சம் அதைத் தின்றுவிடும். ஆரத்திக்கு மஞ்சள் கரைத்துச் சுண்ணாம்பு போட்டால் சிவக்கும், அதாவது காரத்தன்மை ஏறினால் அதன் வடிவமே மாறும், மாறியது நிலைக்கவும் நிலைக்காது. டிபன் பாக்ஸ் மூடியில் ஏறிய மஞ்சளை எத்தனை தேய்த்தாலும் போகாது, அதாவது பிளாஸ்டிக்கில் ஒட்டும். இந்த மூன்றும்தான் உங்கள் டியூப்பிலும் நடக்கிறது.

எண்ணாகச் சொன்னால், பி.எச். (அமில, கார அளவு) 7.2 உள்ள வெறும் பஃபரில், அதாவது பி.எச். மாறாத கரைசலில், 37 டிகிரியில் வைத்தால் அரை மணி நேரத்தில் குர்குமின் 90% அளவுக்குச் சிதைந்துவிடும். ரத்தத்தில் புரதங்கள் பிடித்து வைத்திருப்பதால் அவ்வளவு வேகம் இல்லை, எட்டு மணி நேரத்துக்குப் பிறகும் பாதியாவது மிஞ்சும். ஆனால் பாதி போய்விட்டால் உங்கள் ஆய்வும் பாதி போய்விட்டது என்றுதான் அர்த்தம். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. பிளாஸ்மாவை, அதாவது அணுக்கள் நீக்கிய ரத்த நீரை, மூடியைத் திறந்து வைத்திருந்தால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறி பி.எச். 8ஐத் தாண்டவும் செய்யும். சுண்ணாம்பு போடாமலே ஆரத்தி கரைத்த மாதிரி.

செய்ய வேண்டியது: ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊதா மூடி இ.டி.டி.ஏ. டியூப், எடுத்தவுடன் அலுமினியத் தாள் சுற்றி ஐஸில். மஞ்சள் மூடி ஜெல் டியூப் வேண்டவே வேண்டாம், கொழுப்பில் கரையும் பொருளை ஜெல் உறிஞ்சிக்கொள்ளும். அரை மணி நேரத்துக்குள் குளிர்ந்த சென்ட்ரிஃப்யூஜில் சுற்றுங்கள், பிளாஸ்மாவைப் பிரித்ததும் சிறிது அமிலம் சேர்த்து, சின்னச் சின்ன டியூப்பாகப் பங்கிட்டு, மைனஸ் 80இல் போடுங்கள். கோபியில் ரத்தம் எடுத்துக் கோயமுத்தூர் வந்து பிரித்துக்கொள்ளலாம் என்று முழு ரத்தத்தைக் காரில் ஏற்றுபவர்கள் உண்டு. ஒரு சின்ன சென்ட்ரிஃப்யூஜைக் கோபிக்குக் கொண்டு போங்கள், வரும்போது உறைந்த பிளாஸ்மாவை உலர்பனியில் கொண்டு வாருங்கள். இதற்கு ஆகும் செலவு மறுபடி பன்னிரண்டு பேரைக் கூப்பிடுவதைவிடக் கம்மி.

மருந்தே சாப்பிடாதவர் ரத்தத்திலும் பீக் வருகிறது

இதற்கு மூன்று காரணம் இருக்கலாம், மூன்றையும் ஒரே காலையில் பிரித்துவிடலாம். முதலில் வெறும் கரைப்பானை ஏற்றுங்கள். அதிலேயே பீக் இருந்தால் பாட்டிலிலோ குழாயிலோ அழுக்கு. கரைப்பான் சுத்தமாக இருந்து, உச்ச ஸ்டாண்டர்டை (அளவு தெரிந்து கலந்த கரைசல்களில் மிக அடர்ந்ததை) ஏற்றிய பிறகு ஏற்றும் கரைப்பானில் மட்டும் பீக் வந்தால், முந்தைய சாம்பிளின் மிச்சம் கருவியின் ஊசியில் ஒட்டியிருக்கிறது. டிபன் பாக்ஸ் கதைதான். ஊசி கழுவும் திரவத்தில் தண்ணீரைக் குறைத்து, அசிட்டோநைட்ரைலும் ஐசோபுரொப்பனாலும் சிறிது ஃபார்மிக் அமிலமும் போட்டுக் கழுவுங்கள், ஊசிக்கு உள்ளேயும் வெளியேயும். இப்படி அளக்கும் முறைகளுக்கான, 2022இல் ஏற்கப்பட்ட சர்வதேச ஐ.சி.எச். எம்10 வழிகாட்டியின்படி இந்த மிச்சம், நீங்கள் அளக்கும் மிகக் குறைந்த அளவின் பீக்கில் 20%க்கு மேல் போகக் கூடாது, ஒப்பிட எல்லாச் சாம்பிளிலும் ஒரே அளவில் சேர்க்கும் இன்டர்னல் ஸ்டாண்டர்டுக்கு 5%தான் வரம்பு.

இரண்டும் சுத்தம், பிளாஸ்மாவில் மட்டும் வருகிறது என்றால், பிழை சாப்பாட்டில். நம் ஊரில் மஞ்சள் சாப்பிடாத ஆளை எங்கே போய்த் தேடுவது? அரிசிம்பருப்புச் சாதம், கொள்ளுப் பருப்பு, கறிக்குழம்பு என்று எதிலும் மஞ்சள் இருக்கிறது. குர்குமினாவது பரவாயில்லை, சமையல் அளவில் உள்ளே நிற்பது கொஞ்சம்தான். பைப்பரின் அப்படி இல்லை, நன்றாக உறிஞ்சப்படும். முந்தின நாள் ராத்திரி மிளகு ரசம் குடித்தவரின் 'வெற்று' பிளாஸ்மாவில் 286க்கு நேராகப் பீக் எழுந்து நின்றால் கருவியைத் திட்டாதீர்கள். மூன்று நாள் முன்பிருந்தே மஞ்சள், மிளகு, சுக்கு இல்லாத சாப்பாட்டை நீங்களே சமைத்துக் கொடுப்பது நல்லது. "சாப்பிடாதீங்க" என்று வாயால் சொன்னால் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் ரசம்தான் குடிப்பார்கள், குற்றம் சொல்லவும் முடியாது.

ஒரு தடவை எல்லாம் சரியாக இருந்தும் ஒரே ஒரு பெண்ணின் பூஜ்ய மணிச் சாம்பிளில் (மருந்து கொடுக்கும் முன் எடுத்ததில்) மட்டும் குர்குமின் வந்தது. ஒட்டியவை எதுவும் இல்லை, தனிக் குர்குமின் மட்டும். உடம்பு வழியாக வந்திருந்தால் ஒட்டாமல் வராதே என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தோம். ரத்தம் எடுத்த அக்காதான் கடைசியில் சொன்னார், "அந்தப் பொண்ணு கையத் துடைச்சப்ப ஸ்பிரிட் பஞ்சு மஞ்சளா வந்துச்சுங்க." மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்திருக்கிறது. குர்குமின் தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில் நன்றாகக் கரையும். துடைத்த பஞ்சே அதைக் கரைத்து ஊசி குத்தும் இடத்தில் பரப்பிவிட்டது. அதிலிருந்து சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி, இரண்டு மூன்று பஞ்சு வெள்ளையாக வந்த பிறகுதான் ஊசி. மஞ்சள் மண்டியில் வேலை செய்பவர் ரத்தம் கொடுக்க வந்தால் சட்டையை மாற்றச் சொல்லுங்கள். ஏலம் முடிந்து நேராக வருபவரை உதறினால் அரைத் தேக்கரண்டி தூள் தேறும்.

ஸ்டாண்டர்ட் அழகாக வருகிறது, பிளாஸ்மாவில் பாதிதான் வருகிறது

மூன்று குப்பிகள் தயார் செய்யுங்கள். முதலாவதில் வெறும் கரைப்பானில் குர்குமின். இரண்டாவதில், வெற்று பிளாஸ்மாவைப் பிரித்தெடுத்து முடித்த பிறகு அதே அளவு குர்குமின். மூன்றாவதில், பிளாஸ்மாவிலேயே குர்குமினைக் கலந்துவிட்டு அப்புறம் பிரித்தெடுத்தது. இரண்டாவது முதலாவதைவிடக் குறைந்தால் பிளாஸ்மாவின் கூட்டாளிகள் குர்குமின் அயனியாவதை, அதாவது கருவி பார்ப்பதற்கான மின்னூட்டம் பெறுவதை, தடுக்கிறார்கள். மூன்றாவது இரண்டாவதைவிடக் குறைந்தால் பிரித்தெடுப்பதில் நஷ்டம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பிரித்தெடுக்கும் முறையை ஆறு மாதம் மாற்றி மாற்றிப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும், பிரச்சினை அயனியாக்கத்தில் இருந்தது.

தடுப்பவர்கள் பெரும்பாலும் பாஸ்போலிப்பிடுகள் என்ற கொழுப்புகள். பாசிட்டிவ் முறையில் 184ஐத் திறந்து வைத்தால் அவை எப்போது வெளியே வருகின்றன என்று தெரியும். உங்கள் பீக் அந்த மேட்டுக்கு அடியில் உட்கார்ந்திருந்தால் கரைப்பான் சரிவை (கலவை மாறும் வேகத்தை) மாற்றி நகர்த்துங்கள். வெறும் அசிட்டோநைட்ரைல் ஊற்றிப் புரதத்தை வீழ்த்துவது வேகமான வழி, ஆனால் பாஸ்போலிப்பிடுகள் அப்படியே கூட வரும். அமிலமாக்கி எத்தில் அசிட்டேட்டில் பிரித்தால் தனிக் குர்குமினுக்குச் சுத்தமாகக் கிடைக்கும். ஒட்டியவற்றுக்கு அதை நம்ப வேண்டாம், நீரை விரும்பும் அவற்றில் ஒரு பங்கு தண்ணீர் அடுக்கிலேயே தங்கிவிடும். தனியையும் ஒட்டியதையும் ஒரே பிரித்தெடுப்பில் அளக்கிறேன் என்று ஆசைப்படுபவர்கள் இரண்டுக்கும் தனித்தனியாக இந்த மூன்று குப்பிச் சோதனையைச் செய்தே ஆக வேண்டும்.

ஆறு பேரின் வெற்று பிளாஸ்மாவிலாவது பாருங்கள், ஒருவருடையது பால் போல வெளுத்திருந்தால் அதையும் சேர்த்து. காலையில் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுக்க வருபவர் உங்கள் ஆய்விலும் வருவார். டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) போட்ட குர்குமின் வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள், விலையைப் பார்த்து வேறு ஏதோ மஞ்சள் நிறப் பொருளை இன்டர்னல் ஸ்டாண்டர்டாகப் போடுவது பிற்பாடு அழவைக்கும்.

369 இறங்குகிறது, 391 ஏறுகிறது

சோடியம் ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டுக் கழுவிய கண்ணாடி பாட்டில், அல்லது தண்ணீர். சிறுவாணித் தண்ணீர் குடிக்க அமிர்தம், நானும் பெருமை பேசுகிறவன்தான், ஆனாலும் மொபைல் ஃபேஸுக்கு, அதாவது கருவிக்குள் ஓடும் கரைப்பானுக்கு, எல்.சி.எம்.எஸ். தரத் தண்ணீர் பாட்டில்தான். திருப்பூர், அவிநாசிப் பக்கம் போர்த் தண்ணீரில் ஓடும் சுத்திகரிப்புக் கருவியென்றால் கார்ட்ரிட்ஜை அடிக்கடி பாருங்கள்.

தனிக் குர்குமின் நம்ப முடியாத அளவு அதிகமாக வருகிறது

எல்லாரும் சந்தோஷப்படும் அறிகுறி இது. எனக்கு அதிகம் பயம் தருவதும் இதுதான், ஏனென்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். "எங்க ஃபார்முலா சூப்பருங்க" என்று அறிக்கை எழுதப் போய்விடுவார்கள்.

நடப்பது என்னவென்றால், குளுகுரோனைடு கருவியின் வாசலில் உள்ள சூட்டிலும் மின்னழுத்தத்திலும் 176ஐ உதிர்த்துவிட்டுத் தனிக் குர்குமின் வேடத்தில் உள்ளே நுழைகிறது. கல்லீரல் கஷ்டப்பட்டு ஒட்டியதைக் கருவி பிய்த்துப் போட்டுவிட்டு, கழிவு நீக்கமே நடக்கவில்லை என்று சொல்கிறது. சோதிக்க எளிய வழி, குளுகுரோனைடு ஸ்டாண்டர்டை மட்டும் ஏற்றிக் குர்குமினின் தடத்தைத் திறந்து பார்ப்பது. ஸ்டாண்டர்ட் இல்லையென்றால் மருந்து சாப்பிட்டவரின் பிளாஸ்மாவையே மெதுவான சரிவில் ஓட்டுங்கள். குளுகுரோனைடு நீரை விரும்புவது, சி18 பிரிப்புக் குழாயில் முன்னாலேயே வந்துவிடும். குர்குமின் தடத்தில் முன்னால் ஒரு பீக், பின்னால் ஒரு பீக் என்று இரண்டு வந்தால் முன்னால் வந்தது வேஷக்காரன். இரண்டும் பிரிந்து வரும்வரை கவலையில்லை. சாம்பிள் நிறைய இருக்கிறது, ஓட்டத்தை இரண்டு நிமிடமாகக் குறைப்போம் என்று அவசரப்படும்போதுதான் இரண்டும் ஒன்றாகி மோசம் போகிறோம். வாசல் மின்னழுத்தத்தையும் குறைத்துப் பாருங்கள், தனிக் குர்குமின் அளவும் கூடவே சட்டென்று இறங்கினால் குற்றவாளி கிடைத்தான்.

நொதி போட்டு உடைத்த கணக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வருகிறது

ஒட்டியவற்றுக்கு ஸ்டாண்டர்ட் கிடைக்காதபோது நொதி போட்டு உடைத்து மொத்தக் குர்குமினை அளப்பார்கள், அதில் தனிக் குர்குமினைக் கழித்தால் ஒட்டியது. கேட்க நன்றாக இருக்கிறது. செய்யும்போது மூன்று இடத்தில் வழுக்கும்.

எந்த நொதி என்று பாருங்கள். நத்தையிலிருந்து எடுப்பதில் குளுகுரோனைடை உடைப்பதும் சல்பேட்டை உடைப்பதும் இரண்டும் இருக்கும், பி.எச். 5 சுமாருக்கு வேலை செய்யும். ஈ.கோலையிலிருந்து வருவது குளுகுரோனைடை மட்டும்தான் உடைக்கும், அதற்கு பி.எச். 7 பக்கம் வேண்டும். ஒன்றின் பஃபரில் மற்றதைப் போட்டுவிட்டுப் 'பொட்டலம் சரியில்லை' என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. பஃபரின் பி.எச். போதாது, பிளாஸ்மா கலந்த பிறகு என்ன பி.எச். என்று பாருங்கள். இரண்டாவது, 37 டிகிரியில் மணிக்கணக்கில் ஊறும்போது விடுதலையாகும் குர்குமின் அங்கேயே சிதையும். ஆஸ்கார்பிக் அமிலம் சேர்த்து, இருட்டில், ஒரு மணி, இரண்டு மணி, நான்கு மணி என்று எடுத்துப் பாருங்கள். ஏறி, நின்று, இறங்கும். நிற்கும் இடம்தான் உங்கள் நேரம். மூன்றாவது, நொதி உண்மையிலேயே வேலை செய்ததா என்பதற்குச் சாட்சி வேண்டும். ஒவ்வொரு பேட்சிலும் பினாஃப்தலீன் குளுகுரோனைடு ஒரு குப்பியில் போட்டு வையுங்கள். ஊறி முடிந்ததும் காரம் விட்டால் இளஞ்சிவப்பாக வேண்டும். ஆகவில்லையென்றால் அந்த பேட்ச் முழுக்கக் குப்பை, யோசிக்கவே வேண்டாம்.

வெளிவரும் நேரம் தள்ளிப்போகிறது, பீக் அகலமாகிறது

எங்கள் லேபில் "காலம் கெட்டுப்போச்சு" என்று யாராவது சொன்னால் அது வயசானவர் புலம்பல் இல்லை, பிரிப்புக் குழாய் (ஆங்கிலத்தில் காலம், column) போய்விட்டது என்று அர்த்தம். ஆனால் முதலில் மொபைல் ஃபேஸைப் புதிதாகக் கலந்து பாருங்கள், ஃபார்மிக் அமிலம் போட மறந்தவர்கள் எண்ணிக்கை எனக்குத் தெரியும். குர்குமின் கீட்டோ, ஈனால் என்று இரண்டு வடிவத்தில் மாறிக்கொண்டே இருக்கும், அமிலம் குறைந்தால் பீக் சப்பையாகும். சாம்பிளைக் கரைத்த கரைப்பானில் அசிட்டோநைட்ரைல் அதிகமாக இருந்தாலும் பீக் இரண்டாகப் பிளக்கும். இவை சரியாக இருந்தால் முன்னால் உள்ள கார்டு (பாதுகாப்பு) குழாயை மாற்றுங்கள், கடைசியாகத்தான் பிரிப்புக் குழாய்.

பிளாஸ்மா இளஞ்சிவப்பாக இருக்கிறது

ரத்த அணு உடைந்திருக்கிறது. மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தது, அல்லது டியூப்பைக் குலுக்கியது. மெதுவாகத் தலைகீழாகத் திருப்பினால் போதும் என்று சொல்லிக் கொடுங்கள், யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

காஃபீன் சோதனையில் விகிதம் தாறுமாறு

மூலிகை சாப்பிட்டதால் முதல் கட்ட நொதிகள் வேகமானதா, மந்தமானதா என்று பார்க்க, தெரிந்த ஒரு பொருளை உளவாளியாக அனுப்புவது வழக்கம். சைட்டோக்ரோம் பி450 நொதிகளில் சி.ஒய்.பி.1ஏ2க்குக் காஃபீன், 3ஏ4க்கு மிடஸோலம். காஃபீன் பாராஸாந்தீனாக மாறும், இரண்டின் விகிதம்தான் விடை.

விகிதம் பொருந்தாமல் வந்தால், முதலில் தியோஃபிலினைச் சந்தேகியுங்கள். அதுவும் காஃபீனிலிருந்தே கொஞ்சம் உண்டாகும், அதற்கும் பாராஸாந்தீனுக்கும் நிறை ஒன்று, 181இலிருந்து 124 என்று உடைவதும் ஒன்று. கருவிக்கு இரண்டும் ஒரே ஆள். நேரத்தில் பிரித்தால்தான் உண்டு, அதனால் இரண்டு ஸ்டாண்டர்டையும் தனித்தனியாக ஏற்றித் தனித்தனி இடத்தில் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். அப்புறம் ஆள். பீடி, சிகரெட் பிடிப்பவருக்கு 1ஏ2 ஏற்கெனவே வேகமாக ஓடும், கருத்தடை மாத்திரை எடுப்பவருக்கு மந்தமாக ஓடும், இவர்களை ஒரே குழுவில் போட்டால் மூலிகையின் பங்கு எங்கேயும் தெரியாது. காபி, டீ முந்தைய நாள் முழுக்கக் கூடாது என்று சொல்லியிருப்பீர்கள். பூஜ்ய மணிச் சாம்பிளில் காஃபீன் பீக் உயரமாக நின்றால் காலையில் ஆஸ்பத்திரி எதிரே உள்ள டீக்கடையைக் கேளுங்கள், அவர் சொல்வார்.

மிளகு சேர்த்ததும் எல்லாமே ஏறுகிறது

பிழை இல்லை. பைப்பரின் குளுகுரோனைடு ஒட்டும் நொதியையும் 3ஏ4ஐயும் தடுக்கிறது. குர்குமின் ஏறியது என்றால் கழிவு நீக்கம் தடைபட்டது என்றும் படிக்கலாம், இதைக் கழிவு நீக்க மருந்து என்று விற்பது கொஞ்சம் வேடிக்கைதான். பங்கேற்பவர் ஏற்கெனவே வேறு மாத்திரை எடுக்கிறார் என்றால் அதன் அளவும் ரத்தத்தில் ஏறலாம், சேர்ப்பதற்கு முன் மருந்துச் சீட்டை வாங்கிப் பாருங்கள். தாராபுரம், மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு பயிரிடுகிறார்கள் இல்லையா, அந்த விதையிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசினும் 3ஏ4 வழியாகப் போவதுதான், மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறைவு. மூட்டுவலிக்கு அதை எடுப்பவரை மிளகு ஆய்வில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். கல்லீரல் நொதிகளையும், ஏ.எல்.டி.யையாவது, நடுநடுவே பாருங்கள். மஞ்சள் மாத்திரையோடு தொடர்புடைய 10 கல்லீரல் பாதிப்புகளை அமெரிக்க மருத்துவர்கள் 2022இல் வெளியிட்டார்கள், அதில் சில மாத்திரைகளில் மிளகும் இருந்தது.

ஒரே சாம்பிளை மறுபடி ஓட்டினால் வேறு எண் வருகிறது

எம்10 கணக்குப்படி மறுபடி ஓட்டியதில் மூன்றில் இரண்டு பங்காவது, முதல் எண்ணுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இரண்டின் சராசரியில் 20%க்குள் இருக்க வேண்டும். க்யூ.சி. (அளவு தெரிந்து நாமே கலந்த தரச் சோதனைச் சாம்பிள்) எல்லாம் பாஸ் ஆகி, இது மட்டும் ஃபெயில் என்றால் அதிர்ச்சியடைய வேண்டாம். க்யூ.சி.யில் நீங்கள் போட்டது தனிக் குர்குமின், ஆளின் ரத்தத்தில் இருப்பது ஒட்டியது. ஒட்டியது கொஞ்சம் பிரிந்தாலும் க்யூ.சி.க்குத் தெரியாது. குளுகுரோனைடு கலந்த க்யூ.சி. ஒன்றும் வையுங்கள்.

அதோடு ஃப்ரீசரின் வெப்பநிலைப் பதிவைப் பாருங்கள். ஞாயிறு ராத்திரி கரண்ட் போய், ஜெனரேட்டரில் டீசல் இல்லாமல், திங்கள் காலை எல்லாம் மறுபடி கட்டியாகி ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து மேலே ஒரு ரூபாய் நாணயம் வைத்துவிடுங்கள். நாணயம் அடியில் கிடந்தால் உருகி உறைந்திருக்கிறது. எங்கள் லேபில் பதிவுக் கருவி வாங்க விண்ணப்பம் போட்டு அது வருவதற்குள் அந்த நாணயம் எங்களை இரண்டு தடவை காப்பாற்றியது.

எல்லா எண்ணும் அழகாக வருகிறது

பன்னிரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வளைவு, ஒரே உச்சம். மனித உடம்பு அப்படி நடக்காது. சாம்பிளைத் தானாக ஏற்றும் ஆட்டோ சாம்ப்ளரின் தட்டைத் திறந்து குப்பியின் லேபிளை வரிசைப் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். நாங்கள் பார்த்தபோது அங்கே இருந்தது க்யூ.சி. தட்டு, சாம்பிள் தட்டு ஃப்ரிட்ஜிலேயே இருந்தது.

ஈரோட்டுப் பெண்ணுக்கு நேற்றுப் பேசினேன். 543ஐத் திறந்து பார்த்தாளாம், ஒன்பது பேருக்கு வந்திருக்கிறது. மற்ற மூன்று டியூப்பும் ரேக்கில் ஜன்னலை ஒட்டிய முதல் வரிசை.